பெட்டிக்குள் உறங்கும் கடாரம்

கடாரம் என்றவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும், பூசாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடாரத்தின் பெயரைத் தாங்கி நிற்பதால் ஆயிரம் ஆண்டு கழிந்தும் அதனை அறிகிறோம். அதே மண்ணில் பால்மரம் சீவி வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியரின் பெயர்களையோ நூறாண்டு நிறையுமுன் மறந்து வருகிறோம்.

கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி வந்தனர். தொழிலாளரை உதவித்தொகையில் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அவ்வரவு நீடித்தது. தோட்டத்துப் பேரேடுகள் அவர்கள் பெரட்டுக்கு நின்ற நாளையும் பெற்ற கூலியையும் குறித்தன. அவர்கள் தாமே விரும்பித் தம்மைப் பதிந்துகொண்ட இடம் பட்டணத்து நிழற்படக் கடையாகும். திருமணத்திற்கும், ஊருக்கு அனுப்புவதற்கும் எடுத்த அப்படங்களே தொழிலாளர் தம் கையால் சேர்த்த வரலாற்று ஆவணங்கள் எனலாம்.

அவற்றின் மதிப்பை ஒரு செய்தியால் உணரலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். அங்கு மடிந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. மடிந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. அத்தகைய ஒருவர்க்கு வீட்டுச் சுவரில் தொங்கும் படமே நினைவுச் சின்னம். அதிலும் பெயர் இல்லையெனில் அவர் இருமுறை இறந்தவராவார்.

1948இல் அவசரகாலம் பிறந்தபின், 12 வயது நிரம்பியோர்க்கெல்லாம் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டத்துப் பெண்கள் பலர்க்கு அதுவே முதற்படமாக இருந்திருக்கும். அரசு எடுத்த படத்தில் பெயர் இருந்தது. குடும்பம் எடுத்த படத்திலோ பெயர் எழுதப்படவில்லை. பார்ப்போர் அனைவரும் அறிந்த முகத்திற்குப் பெயர் எதற்கு என அன்று கருதினர். அறிந்தோர் இன்று ஒவ்வொருவராய் மறைகின்றனர்.

ஆகவே, விடுமுறையில் அத்தையையோ பெரியப்பாவையோ காணச் செல்வோர் பழைய படப்பெட்டியைத் திறந்து அவர் அருகில் அமர வேண்டும். "இவர் யார்?" என்பதோடு நில்லாது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பின்னால் தெரிவது எந்த லயம், எந்தக் கோயில் எனக் கேட்க வேண்டும். ஆண்டு நினைவில்லாவிடினும், "சப்பான்காரன் வருமுன்", "தம்பி பிறந்த பின்" என்னும் விடைகளால் காலத்தைக் கணிக்கலாம். உறவினர் இருவர் உடனிருப்பின் ஒருவர் மறந்ததை மற்றவர் திருத்துவார். 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர்ப் பல லயங்கள் இடிக்கப்பட்டன. அவ்விடங்களின் தோற்றம் இப்படங்களின் ஓரத்திலேதான் எஞ்சியுள்ளது.

பாதுகாக்கும் முறையும் எளியதே. விவரங்களைப் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை ஊறிக் கெடுக்கும். பசை தடவிய தாள்களுள்ள ஆல்பங்கள் காலப்போக்கில் படத்தைப் பற்றிக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் அப்படியே நகலெடுக்கலாம். இந்நாளில் கைப்பேசியே அதற்குப் போதும். முன்புறத்தோடு எழுத்துள்ள பின்புறத்தையும் எடுத்து, உறவினர் வீடுகள் பலவற்றில் நகல் இருக்கச் செய்தல் நன்று. மூலப்படத்தை ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு கட்டுரைப் பயிற்சியாகத் தரலாம். ஒரு மாணவன் ஒரு படத்திலுள்ள ஐவர் பெயரை எழுதி வந்தாலும், கடாரத்து வரலாற்றில் ஐந்து பெயர்கள் சேர்ந்தனவாம்.