செந்தோசாவின் பழைய பெயர்

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் செந்தோசா பற்றிக் கேட்டால் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கேபிள் கார், சிலோசோ கடற்கரை என்று வரிசையாகச் சொல்வார்கள். முதல் முறை போனபோது நானும் அதைத்தான் பார்த்தேன். பலவான் கடற்கரையில் தொங்குபாலம் ஏறி, "ஆசியக் கண்டத்தின் தென்கோடி" என்று எழுதியிருந்த பலகை முன்னால் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். (தீவு எப்படி கண்டத்தின் கோடி ஆகும்னு அப்போ தோணவே இல்லை. பாலம் போட்டு இணைத்திருப்பதால் கண்டத்தில் சேர்த்தி என்கிறார்கள். சரி, வியாபாரம்.)

பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் இந்தத் தீவு எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. செந்தோசா இருக்கவேண்டிய இடத்தில் அதில் 'பூலாவ் பிளாக்காங் மாத்தி' என்று போட்டிருந்தது. மலாயில் பூலாவ் என்றால் தீவு, பிளாக்காங் என்றால் பின்புறம், மாத்தி என்றால் சாவு. சாவு பின்னால் நிற்கும் தீவு என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் குட்டித் தீவுக்குப் பெயர் பிரானி, அதாவது வீரம்.

ஏன் இந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. கடல் கொள்ளையர்கள் ஆட்களைக் கொன்று போட்டார்கள் என்பது ஒன்று. பிரானியில் புதைக்கப்பட்ட வீரர்களின் ஆவிகள் இங்கே வந்து குடியிருக்கின்றன என்பது இன்னொன்று. எதுவும் விளையாத செத்த மண் என்பதும் உண்டு. இதில் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் 1840-களின் கடைசியில் நடந்தது கதை இல்லை. தீவில் குடியேறியிருந்த புகிஸ் மக்களைக் காய்ச்சல் ஒன்று ஏறக்குறைய துடைத்து எடுத்துவிட்டது. 'பிளாக்காங் மாத்தி காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

ராபர்ட் லிட்டில் என்ற டாக்டர் இதை ஆராய்ந்து 1848-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் கைகாட்டியது பவளப்பாறைகளை! அலை வற்றும்போது வெயிலில் காய்ந்து அழுகும் பாறையிலிருந்து விஷக்காற்று கிளம்புகிறது என்பது அவர் வாதம். இன்று சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்பது அந்தக் காலத்து மருத்துவத்தின் பொது நம்பிக்கை. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்ப்பதற்கு இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது. எனக்கு லிட்டில் மேல் ஒரு மரியாதைகூட உண்டு. செத்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ ஒரு மூலைத் தீவின் மீனவக் குடும்பங்கள். அவர்கள் ஏன் சாகிறார்கள் என்று உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒருவர் எழுதியிருக்கிறார்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் சிங்கப்பூரின் மதிப்பு ஏறியது. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும், அந்த நிலக்கரிக் கிடங்குக்குக் காவல் வேண்டும். துறைமுகத்தின் வாயில் படுத்திருந்த பிளாக்காங் மாத்தி அதற்குத் தோதாக அமைந்தது. மேற்கே சிலோசோ, நடுவில் இம்பியா, கிழக்கே செராப்போங், கன்னாட் என்று குன்றுக்குக் குன்று பீரங்கி ஏறியது.

இரண்டாம் முறை போனபோது கடற்கரைப் பக்கம் போகாமல் நேராகச் சிலோசோ கோட்டைக்குப் போனேன். பதினோரு மாடி உயரத்துக்கு லிஃப்டில் ஏறி, மரங்களின் தலைக்கு மேலே 181 மீட்டர் நடைபாலத்தில் நடந்தால் கோட்டை. பைசா கிடையாது. 2022-ல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். உள்ளே பெர்சிவலும் யாமாஷிதாவும் மெழுகு பொம்மைகளாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் சரணாகதி இங்கேதான் நடந்தது என்று நினைத்துவிடுவார்கள். அது நடந்தது புக்கித் தீமாவில், ஃபோர்டு கார் தொழிற்சாலையில், 1942 பிப்ரவரி 15 அன்று.

"சிங்கப்பூர் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே நின்றன, ஜப்பான்காரன் பின்பக்கமாக வந்துவிட்டான்" என்று ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இது பாதிதான் உண்மை. கன்னாட் கோட்டையின் 9.2 அங்குல பீரங்கிகள் நிலத்தை நோக்கித் திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்த குண்டுகள். ஈர மண்ணில் அவை புதைந்து போகுமே தவிர, சிதறி ஆளை அடிக்காது. அந்தக் கன்னாட் கோட்டை இருந்த இடம் இன்று கோல்ஃப் மைதானம்.

சரணடைந்த பிறகு நடந்ததுதான் என்னை இந்தத் தீவை விட்டு நகர விடாமல் வைத்திருக்கிறது. சில நாட்களிலேயே ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களைப் பொறுக்கி எடுத்து லாரியில் ஏற்றிக் கொல்ல ஆரம்பித்தது. சூக் சிங் என்று சீனர்கள் சொல்லும் படுகொலை இதுதான். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை: ஜப்பான் தரப்பு ஐயாயிரம் என்றது, சிங்கப்பூர்ச் சீனர்கள் ஐம்பதாயிரம் வரை சொல்கிறார்கள். கடலில் வைத்துச் சுடப்பட்டவர்களின் உடல்கள் பிளாக்காங் மாத்தி கரையில் ஒதுங்கின. தீவில் சிறைக்குக் கொண்டுபோகப்படக் காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர்தான் அவற்றைப் புதைத்தார்கள். சுமார் முந்நூறு உடல்கள். தோற்றுப்போன சிப்பாய்கள், தங்களால் காப்பாற்ற முடியாமல் போன ஊர்க்காரர்களுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டு தோண்டியிருப்பார்கள் என்று பல நாள் யோசித்ததுண்டு.

போர் முடிந்து, கூர்க்காப் படையும் இருந்து போய், 1967-ல் தீவு சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கட்டலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அரசின் பொருளாதார ஆலோசகராக இருந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸும் நகர சீரமைப்புத் துறையின் ஆலன் சோவும் வேண்டாம், ஓய்வுத் தீவாக விடுங்கள் என்று வாதாடினார்கள். அவர்கள் பேச்சு எடுபட்டது. சாவு என்ற பெயரை வைத்துக்கொண்டு டூரிஸ்டைக் கூப்பிட முடியாதே! பொதுமக்களிடம் போட்டி வைத்துப் புதுப் பெயர் வாங்கினார்கள். செந்தோசா என்றால் மலாயில் அமைதி. நம்ம சந்தோஷம் எந்தச் சமஸ்கிருத வேரிலிருந்து வந்ததோ அதே வேர்தான். மலாய்க்காரர்கள் அதை அமைதியாக எடுத்துக்கொண்டார்கள், நாம் மகிழ்ச்சியாக எடுத்துக்கொண்டோம். 1972-ல் வளர்ச்சிக் கழகம் வந்தது, 1974-ல் கேபிள் கார் ஓடியது. தீவில் மிச்சமிருந்த கிராமத்துக் குடும்பங்கள் எதிர்க்கரைக்குக் குடிமாற்றப்பட்டன.

இவ்வளவோடு முடிந்திருந்தால் 'சாவுத் தீவு சந்தோஷத் தீவு ஆன கதை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சியா தை போ என்று ஒருவர் இருக்கிறார்.

பாரிசான் சோஷியலிஸ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். 1966 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது, 23 வருஷம் சிறை. கம்யூனிஸ்ட் என்றது அரசு. அவர் கடைசி வரை மறுத்தார். வன்முறையைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள். செய்யாததை எப்படிக் கைவிடுவது என்பது அவர் நிலை. 1989 மே மாதம் வெளியே விட்டார்கள். வெளியே என்றால் வீட்டுக்கு இல்லை, செந்தோசாவுக்கு. ஒற்றை அறை கொண்ட ஒரு பழைய காவல் கூடத்தில் வைத்தார்கள். இப்போது நீ சுதந்திர மனிதன், அதனால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் உன்னுடையது என்றார்கள். சிலோசோ கோட்டை அருங்காட்சியகத்தில் உதவிக் காப்பாளர் வேலை தருவதாகவும் சொன்னார்கள். அரசு ஊழியர் ஆகிவிட்டால் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்காரர்களிடம் பேச முடியாதே என்று மறுத்துவிட்டு, வளர்ச்சிக் கழகத்துக்கு மொழிபெயர்ப்பு செய்து வாடகையைச் சமாளித்தார். 1992-ல்தான் தீவை விட்டுப் போக விட்டார்கள். கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கியது 1998 நவம்பரில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோனோரயில் ஓடி, குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே செந்தோசாவில்தான் இது நடந்தது.

செந்தோசா போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் இதில் கொஞ்சத்தைப் பார்த்துவிடலாம். சிலோசோ கோட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. பிறகு இம்பியா காட்டுப்பாதை. அங்கே பழைய பீரங்கி மேடையின் சிதைவுகளை ஆலமரத்து வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 2018-ல் டிரம்பும் கிம்மும் கை குலுக்கிய கப்பெல்லா ஹோட்டலும் பக்கம்தான். அதன் முன்பக்க வெள்ளைக் கட்டடங்கள் 1880-களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கட்டியவை. செராப்போங் குன்றைக் காடு மூடிவிட்டது. அதை நான் கேபிள் காரிலிருந்து தூரப் பச்சையாக மட்டும் பார்த்தேன்.

சியா தை போ இருந்த காவல் கூடம் எது என்று இரண்டு ஊழியர்களிடம் கேட்டேன். இரண்டு பேருமே இருபதைத் தாண்டாத பிள்ளைகள். ஒருவர் மரியாதையாகக் கையிலிருந்த வரைபடத்தை விரித்து, "அது புது ரைடா?" என்று கேட்டார்.