அன்பும் அமானிதமும்: மறைந்தோரைப் பற்றி எழுதிய முன்னோர்

அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்கள் ஒருமுறை நோயுற்று நினைவிழந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்றெண்ணிய அவர்களின் சகோதரி அம்ரா (ரலி) அவர்கள், மலைக்கு ஒப்பானவர் என்றும் இன்னும் பலவாறும் புகழ்ந்து அழலானார்கள். நினைவு திரும்பியதும் அவர்கள் தம் சகோதரியிடம் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும், நீ அப்படிப்பட்டவன்தானா என்று தம்மிடம் கேட்கப்பட்டதாம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629) முஃதா போரில் அவர்கள் ஷஹீதானபோது அச்சகோதரி அவ்வாறு அழவில்லை.

அறியாமைக் காலத்து அரபுகள், தம் குலத்தில் முக்கியமானவர் இறந்தால் குதிரைவீரனை அனுப்பிக் குலப்பெருமை பேசி மரணத்தைப் பறைசாற்றுவர். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். மரணச் செய்தி அறிவிப்பதையே தடுத்தார்கள் என்று இதற்குப் பொருளன்று. நஜ்ஜாஷி மன்னர் இறந்த அன்றே அச்செய்தியை மக்களுக்கு அறிவித்து அவருக்காகத் தொழுகை நடத்தியவர்களும் அவர்களே.

இவ்விடத்தில் மகனார் இப்ராஹீமின் மரணம் நினைவுகூரத்தக்கது. அண்ணலாரின் கண்கள் கண்ணீர் சொரிந்தன. அது இரக்கத்தின் அடையாளம் என்றார்கள். அன்று சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. வானவியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27. இப்ராஹீமின் மரணத்தால்தான் சூரியன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசினர். துயருற்ற ஒரு தந்தைக்கு இதைவிட ஆறுதலான இரங்கல் வேறென்ன இருக்க முடியும்? மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது வரலாறாக நிலைத்திருக்கும். ஆனால் அண்ணலார், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

பின்வந்த ஹதீஸ் கலை அறிஞர்களுக்கு இந்த நேர்மை கடும் சோதனையாகவே அமைந்தது. இமாம் புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ (வஃபாத் ஹிஜ்ரி 234) அவர்களிடம், ஹதீஸ் அறிவிப்பாளரான அவர்களின் தந்தையைக் குறித்து வினவினர். வேறு யாரிடமேனும் கேளுங்கள் என்றார்கள். விடாது மீண்டும் கேட்கவே, சற்று நேரம் தலைகுனிந்திருந்து, இது மார்க்க விஷயம், என் தந்தை பலவீனமானவர் என்றார்கள். அறிவிப்பாளர் என்பதால் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் அது. சாதாரண மய்யித்தின் குறைகளைத் தோண்டுவதற்கு இதனை ஆதாரமாக்க இயலாது. அங்கு நன்மைகளைக் கூறுவதே கட்டளை. நன்மையைக் கூறுவது வேறு, இல்லாததைப் புனைவது வேறு. இன்றைய இரங்கல் மலர்களைப் புரட்டினால், இறந்தோர் அனைவரும் ஒரே மனிதர்தாமோ என ஐயம் எழுகிறது!

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் தலைமை நீதிபதியாக இருந்த தகிய்யுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள் வரலாற்றாசிரியனுக்குச் சில நிபந்தனைகளை எழுதிவைத்தார்கள். உண்மை உரைக்க வேண்டும். யாரிடமிருந்து பெற்ற செய்தி எனப் பெயர் குறிப்பிட வேண்டும். எழுதப்படுபவரின் கல்வியையும் மார்க்கப் பற்றையும் அறிந்திருக்க வேண்டும். மன இச்சைக்கு ஆட்பட்டு, நேசிப்பவரின் புகழை நீட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் எழுதலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று.

தந்தையின் கையெழுத்திலிருந்து இதனைப் பெயர்த்தெழுதித் தம் ‘தபகாத்துஷ் ஷாஃபிஇய்யா அல்குப்ரா’வில் சேர்த்தவர் மகன் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்). தம் ஆசிரியரான இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் நடுநிலை தவறினார் என்று அதே நூலில் குற்றம் சாட்டியவரும் அவரே. பிற்கால அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஹிஜ்ரி 756இல் (கி.பி. 1355) தந்தை மறைந்தார்கள். மகன் அவர்களைப் பற்றி எழுதியதோ ஒரு தனி நூலளவு நீண்டுவிட்டது!

தந்தையின் விதியை மகன் மீறினாரா? புகழுரைகள் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் யாரிடம் ஓதினார், எந்நூல்களை எழுதினார், எத்தகைய தீர்ப்புகளை வழங்கினார் என்ற விவரங்கள் அங்கு நிறைந்துள்ளன. புகழை விலக்கிவிட்டு வாசித்தாலும் ஒரு மனிதர் எஞ்சுகிறார். அவ்வெழுத்தை எடைபோடும் தராசை அவரே நம் கையில் தந்துள்ளார். விரும்பியிருந்தால் அந்த விதியை மறைத்திருக்கலாம்.

தாஜுத்தீன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 771இல் (கி.பி. 1370) கொள்ளைநோய்க்கு இலக்காகி டமாஸ்கஸில் வஃபாத்தானார்கள். அப்போது வயது ஹிஜ்ரி கணக்கில் 44. அவர்களைப் பற்றி எழுதும் பொறுப்பு இப்னு காழீ ஷுஹ்பா போன்ற பிற்காலத்தவரிடம் சென்றது.