குடிசையிலிருந்து பட்டா வீட்டுக்கு: பழவேற்காட்டுக் கரையின் ஒரு கணக்கு

சொந்த வீட்டுக்குக் குடிபோகிறோம் என்றால் முதலில் என்ன செய்வோம்? நல்ல நாள் பார்ப்போம், பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் வாங்குவோம், அட்டைப்பெட்டி கேட்டு மளிகைக் கடைக்கு அலைவோம். சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் குப்பங்களில் பலருக்கு இதற்கெல்லாம் முன்பே ஒரு வேலை இருந்தது. பழைய இடத்தை அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழவேற்காடு என்றால் 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் காமர்ஸ் படிப்பதால் அந்தக் கம்பெனியின் பங்கு வியாபாரம் பற்றி எழுத ஆசைதான். அது இன்னொரு பதிவுக்கு. இன்று குப்பத்து மக்களின் வீட்டுக் கதை.

லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்கள் இருப்பது ஒரு மணல் திட்டின் மேல். கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. இந்தப் பக்கத்து மீனவர்களுக்கு 'சொத்து' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வார்கள். அந்த உரிமை ஊரில் தலைக்கட்டாக இருப்பவருக்கு மட்டும்தான். அதாவது, பிழைப்புக்கு ஆதாரம் ஊரின் உறுப்பினர் என்ற தகுதிதான், நிலப் பத்திரம் இல்லை. வீட்டு மனையும் பல குடும்பங்களுக்கு அப்படித்தான். வழக்கப்படி அனுபவித்து வந்தார்கள், பட்டா கிடையாது.

குடிசையை எங்கள் கணக்கியல் பாடத்தில் எங்கே வைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். ஓலை மக்கிப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வருவாய்ச் செலவு! கான்கிரீட் வீடுதான் மூலதனச் செலவு, பேலன்ஸ் ஷீட்டில் ஏறும் ஆஸ்தி. (சிரிக்காதீர்கள், பரீட்சையில் இப்படித்தான் கேட்கிறார்கள்.)

2004 டிசம்பர் 26 வந்தது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2005 மார்ச் 30-ல் தமிழக அரசின் வருவாய்த் துறை 172-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. சுமார் 1,30,000 வீடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.5 லட்சம் ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 1,950 கோடி. அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்களுக்கு ஒரு தேர்வு கொடுத்தார்கள். 200 மீட்டருக்கு அப்பால் போனால் புது வீடு இலவசம். ஆனால் பழைய மனையையும் வீட்டையும் சட்டப்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக மாட்டேன் என்றால் யாரும் துரத்த மாட்டார்கள், சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி மட்டும் கிடைக்காது.

இரட்டைப் பதிவு முறையில் இதை எழுதினால் வீடு பற்றில் வரும், கரை வரவில் போகும். வீட்டுக்கு 1.5 லட்சம் என்று விலை போட்டாகிவிட்டது. கரைக்கு என்ன விலை? வாசலில் நின்றபடியே கடலின் நிறத்தையும் அலையையும் பார்த்து 'இன்றைக்குப் போகலாம்' என்று முடிவெடுப்பது, கண் பார்வையில் படகு, பெண்கள் கருவாடு காயப்போடும் மணல், வலை பின்னும் நிழல், இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. சாமான் கட்டும்போது சட்டி பானையைக் கட்டிவிடலாம். சுமார் 325 சதுர அடி வீட்டில் வலையை எங்கே போடுவது? இன்ஜினை எங்கே வைப்பது? அதுவும் இந்தத் திட்டில், கடலை விட்டு 200 மீட்டர் தள்ளிப் போனால் அந்தப் பக்கம் ஏரி நெருங்கி வருகிறது!

அரசாணையில் எனக்கு மிகவும் பிடித்தது, வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்ற விதி. தலைக்கட்டு என்றால் ஆண் என்று இருந்த ஊர்களில் ஒரு பெண்ணின் பெயர் சொத்துப் பத்திரத்தில் ஏறியது சின்ன விஷயம் இல்லை. கரையை விட்டது தப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தேதியையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 18-ல் மத்திய அரசு புதிய கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. அதன்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப் பகுதிகளில், மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு, கட்டுமானம் கூடாத பகுதி 50 மீட்டர் மட்டுமே. மற்ற கிராமங்களுக்கு 200 மீட்டர் அப்படியே தொடரும். 2005-ல் அலையிலிருந்து 120 மீட்டரில் குடிசை வைத்திருந்த ஒருவர், புது வீடு வேண்டுமானால் அந்த மனையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவருடைய ஊர் அந்த நெரிசலான பட்டியலில் வந்தால், திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு அதே 120 மீட்டர் தடைக்கு வெளியே.