சமூக பிரான்சைஸ் (மருத்துவம்)

ஏழைகள் நாடும் தனியார் கிளினிக்குகளை ஒரே பெயர்ப் பலகையின் கீழ் சேர்த்து, பயிற்சியும் மலிவு விலை மருந்தும் தந்து, கட்டணத்துக்கு வரம்பு கட்டும் ஏற்பாடு. உணவகச் சங்கிலிகளின் வணிக முறைதான். ஆனால் நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனம். பாகிஸ்தானின் ‘கிரீன்ஸ்டார்’, மியான்மரின் ‘சன் குவாலிட்டி ஹெல்த்’ பெயர்பெற்றவை.

பீகாரில் 1990களில் எழுந்த ‘ஜனனி’, கிராமத்து வைத்தியர்களை ‘தித்லி’ மையங்களாகவும் நகர மருத்துவர்களை ‘சூர்யா’ கிளினிக்குகளாகவும் இணைத்தது. குடும்பக் கட்டுப்பாடே அதன் முதல் நோக்கம். பேறுகாலச் சேவைக்காக உத்தரப் பிரதேசத்தில் 2007இல் ‘மெரிகோல்ட்’ வந்தது.

பலகை மாறினால் வைத்தியம் மாறிவிடுமா? பீகாரில் தொலைமருத்துவத்தோடு இயங்கிய ‘ஸ்கை’ வலையமைப்பை ஆராய்ந்தவர்கள், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, நிமோனியா சிகிச்சையில் முன்னேற்றம் காணவில்லை.

மேற்கு வங்கத்தில் நடந்த சோதனை வேறு வகை. அங்கே பலகை இல்லை, பயிற்சி மட்டும். பீர்பூம் மாவட்டத்தில், பட்டமில்லாமல் வைத்தியம் பார்க்கும் 304 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ‘லிவர் ஃபவுண்டேஷன்’ ஒன்பது மாதம் வகுப்பு எடுத்தது. பிறகு நோயாளிகளைப் போல் நடிக்கப் பழகியவர்களை இரு பிரிவினரிடமும் அனுப்பிப் பார்த்தார்கள். அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோரின் இந்த ஆய்வு 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் நோயைச் சரியாகக் கையாளும் விகிதம் உயர்ந்தது. தேவையற்ற மருந்து, ஆன்டிபயாடிக் உட்பட, குறையவில்லை. இதில் வியப்பில்லை: இத்தகைய வைத்தியர்கள் பலருக்கு மருந்து விற்பனைதானே வருமானம்.