அட்டையும் ஏணிப்படியும் வந்த கதை

பாடத்தை அட்டைகளாக்கும் வழி ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில் உருவானது. அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். ஒரே அறை, பல வயதுப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே பாடம் ஒத்துவராது. அதனால் பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து அட்டையில் எழுதினார்கள். ஒரு படி கைவந்த பிறகுதான் அடுத்தது.

சிகாகோவில் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-லேயே இதைத்தான் வலியுறுத்தினார். போதிய நேரமும் உதவியும் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் கற்றுவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே கால அளவு வைப்பதால்தான் சிலர் பின்தங்குகிறார்கள்.

ரிஷிவேலி முறையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார். வேலூர் ஆட்சியராக இருந்தபோது, வேலைத்தளங்களிலிருந்து மீட்ட பிள்ளைகளின் படிப்பைக் கவனித்தவர். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக 13 பள்ளிகளில் அதைச் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தொடங்கினார். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரம், பல்லாவரம், பம்மல் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அட்டைகள் வந்து சேர்ந்தன.

அந்த வகுப்புகளின் சுவரில் கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி மாட்டியிருந்தது. பிள்ளை தான் நிற்கும் படியின் படச்சின்னத்தைப் பார்ப்பாள். அதே சின்னமுள்ள அட்டையைத் தேடி எடுத்துப் பாயில் உட்காருவாள். ஆசிரியர் உதவியோடு சிலர், சக மாணவர் உதவியோடு சிலர், தானாகச் செய்பவர்கள் சிலர் என்று குழுக்கள். சுவரோரம் தாழ்வாக ஆளுக்கொரு கரும்பலகை. ஆசிரியரும் தரையில்தான்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப்படுவது ஒன்று உண்டு. கட்டட வேலைக்கு இடம் மாறும் குடும்பங்கள் இந்தச் சென்னைப் புறநகரில் ஏராளம். ஒரு மாதம் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். வகுப்பு அவளை விட்டுவிட்டு ஓடியிருக்காது.

ஆனால் ஜூன் மாதம் யாருக்கும் காத்திருப்பதில்லை. படி முடிந்ததோ இல்லையோ, பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயாக வேண்டும். ஆறாம் வகுப்பில் ஏணிப்படி இல்லை. புத்தகமும் மணியடிக்கும் பாடவேளையும்தான். தொடக்கப் பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளைப் பார்க்க வேண்டியிருந்த இடங்களில், அட்டையை முடித்த கணக்கு பதிவேட்டில் ஏறியதே தவிர, கற்றதைச் சோதிக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் பெற்றோர் "புத்தகத்துல என்ன பாடம் நடத்தினாங்க?" என்று கேட்டார்கள். முறை மேல் பழி விழுந்தது. நியாயமில்லாத பழி அது.

கொரோனா இடைவெளிக்குப் பிறகு, 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை மறுபடி நிலைவாரியாகப் பிரித்தது. அதுவும் தொடக்க வகுப்புகளுக்கே. வகுத்தல் பிடிபடாமல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு, தினம் ஒரு பாடவேளையாவது அவள் நின்றுபோன படியிலிருந்து தொடங்கித் தர வேண்டும். அதற்கென்று ஓர் ஆசிரியரையும் போட வேண்டும்.