கண் தெரிந்தவருக்கு அனுமதிப்பத்திரம் இல்லை



மசாஜ் நிலையம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பொலிஸ் சுற்றிவளைப்புச் செய்திதான். தென் கொரியாவில் கதையே வேறு. அங்கே மசாஜ் செய்வதற்கான அரசாங்க அனுமதிப்பத்திரம் விழிப்புலனற்றோருக்கு மட்டுமே கிடைக்கும். கண் தெரிந்த ஒருவர் எவ்வளவு படித்திருந்தாலும் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கொரியாவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள், ஆனாலும் இந்தச் சட்டத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. உடம்பு பிடித்துவிடுவதும் அக்குபங்சரும் அங்கே பல நூற்றாண்டுகளாக விழிப்புலனற்றோரின் கைத்தொழில். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாஇச்சி பார்வை இழந்தவர். ஆட்சியாளராக இருந்த ஷோகன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தவர், தம்மைப் போன்றவர்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியவர். 1910இல் கொரியாவைப் பிடித்த ஜப்பான், 1913இல் சியோலில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைப் படிப்பிக்கத் தொடங்கியது, அனுமதிப்பத்திர முறையையும் கொண்டுவந்தது. அந்த ஆட்சி செய்த கொடுமைகள் கொஞ்சமல்ல. ஆனால் குறி சொல்லிப் பிழைப்பதை விட்டால் வேறு வழி இல்லாதிருந்தவர்களுக்கு இது ஒரு தொழிலைக் கொடுத்தது என்பதை மறைக்கவும் முடியாது.

1946இல் அமெரிக்க இராணுவ நிர்வாகம் இதை ஒழித்தது. 1963இல் திரும்பவும் வந்தது. விழிப்புலனற்றோர் பாடசாலையில் உயர்தர மட்டத்தில் பயிற்சி பெற வேண்டும், அல்லது அரசு ஏற்ற நிலையத்தில் 2 வருடம் படிக்க வேண்டும். இதுதான் தகுதி.

கண் தெரிந்த மசாஜ்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை எங்களுக்கு இல்லையா என்பது அவர்களின் கேள்வி. 2006 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் 7க்கு 1 என்று அவர்கள் பக்கம் தீர்த்தது. பாராளுமன்றச் சட்டத்தில் இல்லாத தடையை அமைச்சின் ஒழுங்குவிதி போட முடியாது என்பதும் ஒரு காரணம். விழிப்புலனற்றோர் ஹான் நதிப் பாலத்தில் ஏறிப் போராடினார்கள். சிலர் ஆற்றில் குதித்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆகஸ்ட் மாதத்திலேயே பாராளுமன்றம் அந்த விதியைச் சட்டமாக்கியது. 2008 ஒக்டோபரில் அதே நீதிமன்றம் 6க்கு 3 என்று அதை ஏற்றது. பார்வையுள்ளவருக்கு வேறு தொழில்கள் திறந்திருக்கின்றன, இவர்களுக்கு அநேகமாக இது ஒன்றுதான் என்பது பெரும்பான்மையின் நியாயம்.

நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக ஆக்கினார்கள், தாம் வெளியே போகும்போது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். தர்மம் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை. ஆனால் ஒன்று: ஒரே ஒரு தொழிலை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மற்றக் கதவுகளை மூடியே வைப்பதும் நீதியா? பார்வையற்ற பிள்ளை சட்டத்தரணியாகவோ ஆசிரியராகவோ ஆக நினைத்தால் அந்த வழியையும் திறக்க வேண்டாமா?

அதற்குப் பிறகும் வழக்குகள் வந்தன, நீதிமன்றம் மாறவில்லை. இன்றும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மசாஜ் நிலையம் நடத்திப் பிடிபட்டால் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. இருந்தும் கொரிய நகரங்களில் கண் தெரிந்தவர்கள் நடத்தும் நிலையங்கள் ஏராளம். அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் விழிப்புலனற்றோர், வாடிக்கையாளர்கள் அங்கே போய்விடுகிறார்கள் என்று முறையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.