ரத்த தானம்: திருநங்கை தோழிக்கு மட்டும் ஏன் 'நோ'?

காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில ஒருத்தருக்கு அவசரமா ரத்தம் வேணும்னு உங்க வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வருதுனு வெச்சுப்போம். நீங்களும் தோழியும் கிளம்பறீங்க. ரெண்டு பேருக்கும் 18 வயசு தாண்டியாச்சு, எடை 45 கிலோவுக்கு மேல, ஹீமோகுளோபினும் 12.5-க்குக் குறையல. நீங்க ரத்தம் கொடுக்கலாம். தோழி திருநங்கைனா, கொடுக்க முடியாது. அந்த ஒரு நாளைக்கு மட்டுமில்ல, ஆயுள் முழுக்க!

இது, தேசிய ரத்தமேற்றல் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கும் இதே தடைதான். வஞ்சூர் தாண்டி நாகூர் பக்கம் போனா சரக்கு விலை மாறும். இந்த விதி மாறாது. நாடு முழுக்க ஒண்ணுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. எடுக்கிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்துக்கும் ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா டெஸ்ட் கட்டாயம். ஆனா, தொற்று வந்த புதுசுல டெஸ்ட்டில் தெரியாமப் போற நாள்கள் சில உண்டு. துல்லியமான 'நாட்' டெஸ்ட் அந்த இடைவெளியைக் குறைக்கும். எல்லா ரத்த வங்கிகளிலும் அது கிடையாது. அதனாலதான் முன்கூட்டியே கேள்வி கேட்டு வடிகட்டறாங்க.

சிக்கல், அந்தக் கேள்வியில இருக்கு. பல பேரோடு உறவு வெச்சிருக்கிறவங்களுக்கும் தடை உண்டு. அது அவங்க செயலைப் பார்த்து வர்ற தடை. ஆனா திருநங்கை ஒரே துணையோட இருந்தாலும் சரி, துணையே இல்லாம இருந்தாலும் சரி, அடையாளத்துக்காகவே தடை.

இதை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த செயற்பாட்டாளர் சாந்தா குராய் உச்ச நீதிமன்றம் போனார். 2021 மார்ச்சில் நோட்டீஸ் போச்சு. இடைக்காலத் தடை கிடைக்கல. 2025 மே மாசம், ஒட்டுமொத்தமா ஒரு பிரிவினரையே ஆபத்தானவங்கனு முத்திரை குத்தலாமானு நீதிபதிகள் கேட்டாங்க. நிபுணர்களைக் கலந்து பேசும்படி மத்திய அரசிடம் சொன்னாங்க.

பிரிட்டன் 2021-லயும், கனடா 2022-லயும், அமெரிக்கா 2023-லயும் வழியை மாத்திட்டாங்க. அங்கே ஆண், பெண், திருநர் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: கடைசி மூணு மாசத்துல புதுத் துணை உண்டா, எப்படிப்பட்ட உறவு? பதிலைப் பொறுத்து, 'மூணு மாசம் கழிச்சு வாங்க' என்பார்கள். நம்மூர்ல டாட்டூ போட்டவங்களை 12 மாசம் காத்திருக்கச் சொல்ற மாதிரி.

நீங்க அடுத்து கேம்ப் போனா, படிவத்துல கேட்கிற எதையும் மறைக்காதீங்க. ஏற்கெனவே கொடுத்திருந்தா ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேணும். சாப்பிட்டுட்டுப் போங்க.